முதுகு தெரியும் காட்சி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். கடிதத்துக்காகச் சும்மா எழுதுகிற 'நன்றாக' இல்லை, டாக்டரம்மா பார்த்துத் தலையாட்டிய 'நன்றாக'.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் பியூட்டி பார்லருக்கு மேலே ஓர் அறை எடுத்துவிட்டேன். கீழே வேலை, மேலே தூக்கம். பழைய வேலைதான், தலை கழுவுவது, முடி வெட்டுவது. "இத்தனை மாசம் எங்கேடி போன?" என்று ஓனரம்மா கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். பொய் இல்லையே.

ஏன் போன் பண்ணாமல் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நாம் இருவரும் போனில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். 'சாப்பிட்டியா'வில் ஆரம்பித்து, போன் சுவரில் போய் முடியும். அதனால் டாக்டரம்மா கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிய கையோடு தபால்பெட்டிக்கு ஓடக் கூடாதாம். ஒரு நாள் ஆறவிட்டு, மறுபடி படித்து, அப்போதும் அதையே சொல்லத் தோன்றினால்தான் போட வேண்டுமாம்.

என் வியாதிக்கு ஆளுமைக் கோளாறு என்று பெயர் சொன்னதை எழுதியிருந்தேன். பெயரைக் கேட்டு மாமா பயந்துவிட்டார் என்றாய். பயப்படாதே என்று சொல்லு. எல்லோருக்கும் கோபமும் பயமும் வாசலில் நின்று மணி அடிக்கும், எனக்கு நேரே சமையலறைக்குள்ளேயே வந்து நிற்கும், அவ்வளவுதான். இப்போது வாசலில் நிறுத்தப் பழகுகிறேன்.

பெற்றவளைப் பார்க்க மாதம் ஒருமுறை வாண்டுவை அழைத்து வா. இந்தச் சந்திப்புகள் நல்லபடியாகப் போனால், மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் அவளை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நான் காலையில் எழுவதே அதற்காகத்தான்.

உன் சின்னவள்


ஜனவரி 24

என் செல்லச் சின்னவளுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி வியாதி போன மாதிரி இருந்தது, உனக்கில்லை, எனக்கு. மாமா சுகம். லிஃப்ட் ரிப்பேர் என்று எவன் கூப்பிட்டாலும் ஓடுகிறார், நம் வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. வாண்டு நன்றாகச் சாப்பிடுகிறாள், பென்சிலையும் சேர்த்து.

எனக்கு ஒரு பெரிய டப்பிங் வேலை வந்திருக்கிறது. வெளிநாட்டு சீரியல், தினமும் சாயந்திரம். இத்தனை வருஷமாக நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, கூட்டத்தில் அலறுகிறவள் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு முதல்முறையாக முக்கிய வேஷம். பணக்கார வீட்டு அம்மா. அழ வேண்டும், கத்த வேண்டும், நிறைய தொண்டை வேலை.

படத்தில் அந்தப் பொம்பளை வாயைத் திறந்தால் நானும் திறக்க வேண்டும், மூடினால் மூட வேண்டும். ஒரு எழுத்து மிஞ்சினால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கையை உதறுவார். ஆனால் அவள் திரும்பி முதுகு காட்டி நின்றுவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். வாய் தெரியாதே! எதைப் பேசினாலும் ஒட்டும். வசனம் நீளமாகிவிட்டால் மிச்சத்தை எல்லாம் முதுகு தெரியும் காட்சியில்தான் கொட்டுவோம்.

ஞாயிற்றுக்கிழமை வாண்டுவோடு வருகிறேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் தலைவலி என்றாயே, விட்டதா? எனக்கு ஒரு வலியும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையையே இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

வாண்டு முதலில் உன் புடவைக்குப் பின்னால் நின்றாளே, தப்பு அவளுடையது இல்லை. நான் தட்டுகளை எல்லாம் உடைத்த அன்று கட்டிலுக்கடியில் ஒளிந்தவள் அவள்தான். அவள் அப்பா போனதற்கு அவள் ஏன் ஒளிய வேண்டும்? ஆனாலும் சுழல் நாற்காலியைப் பார்த்ததும் ஓடி வந்து ஏறிக்கொண்டாள் பார்! சுற்று, இன்னும் சுற்று என்று என்ன சத்தம். முடி வெட்டும்போது என் கை மேல் சாய்ந்தே தூங்கிவிட்டாள். அவள் எழுந்துவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் கொஞ்சம் நீளமாகவே விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் அதுதான் புது ஃபேஷன் என்று சொல்லச் சொல்.

மாடி அறையில் அவளுக்கு ஒரு சின்னக் கட்டில் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் எந்த ஞாயிறு?

சின்னவள்


மார்ச் 15

அன்புச் சின்னவளுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. தினமும் ஸ்டூடியோ. தொண்டைக்கு வெந்நீர்தான் துணை. உனக்கு வேளாவேளைக்கு மாத்திரை உள்ளே போகிறதா?

சீரியல் ஆரம்பித்துவிட்டது. ஏக வரவேற்பு. மளிகைக் கடைக்காரர் என் குரலைக் கேட்டுவிட்டு மிச்சச் சில்லறையைக் கீழே போட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள். உனக்கு ஓய்வு இருக்காது, நீ பார்க்க வேண்டும் என்றில்லை. நம் வீட்டில்கூட அவ்வளவாகப் போடுவதில்லை.

இந்த ஞாயிறு வர முடியவில்லை. வாண்டுவுக்கு ஜலதோஷம். காய்ச்சல் இல்லை, மூக்குதான் ஒழுகுகிறது. பயப்படாதே, நன்றாக இருக்கிறாள், ஓடி விளையாடுகிறாள். மாமா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

உன் தொண்டை எப்படி இருக்கிறது? அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் பார்லரில் சுவரில் ஒரு டிவி உண்டு. சாயந்திரம் ஓர் அம்மாவின் தலையை வாஷ்பேசினில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உன் சீரியல் ஓடியது. அந்தப் பணக்காரப் பொம்பளை நாய்க்குட்டிக்கு விஷம் வைக்கிறாள், மகளைப் பூட்டுகிறாள், கத்தியை எடுத்து முகம் பார்க்கிறாள். அப்புறம் ஒரு டாக்டர் வந்து, "இவங்களுக்கு ஆளுமைக் கோளாறு" என்கிறார். உடனே இடி இடிக்கிறது. வெளியே நல்ல வெயில், ஆனாலும் இடி! எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னபோது இடி எதுவும் இடிக்கவில்லை. டாக்டரம்மா கண்ணாடி துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தார்.

பேசினில் இருந்த அம்மா, "இந்த மாதிரி சைக்கோவையெல்லாம் வெளியவே விடக் கூடாதும்மா. பாக்கிறதுக்கு நம்மள மாதிரியே இருக்கும், எப்ப என்ன பண்ணும்னு தெரியாது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். நான் தண்ணீர் சூடு சரியா என்று கேட்டேன். சரி என்றார்.

நான் தேவதை என்று சொல்ல வரவில்லை. தட்டை உடைத்தவள் நான்தான். ஆனால் என் வார்டில் இருந்தவர்களில் ஒருத்திகூடக் கத்தியோடு யாரையும் துரத்தியதில்லை. அவரவர் கையைத்தான் அவரவர் கிழித்துக்கொண்டார்கள். அதை எந்த சீரியலில் காட்டுகிறார்கள்?

அதையும் பொறுத்துக்கொண்டேன் அக்கா. கதை எழுதியவன் எங்கேயோ இருக்கிறான், அவனுக்கு என்னைத் தெரியாது. ஆனால் அவள் கத்துவதற்கு முன்னால், மூக்கால் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்து, மெதுவாக "நல்லது… ரொம்ப நல்லது" என்றாளே? தேய்த்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அது என் சிரிப்பு. அது என் வாய் வார்த்தை. இப்போது பார்லரில் வேலை செய்கிற பெண்கள் எல்லாம் ஒருத்திக்கு ஒருத்தி அதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரித்தேன். வேறென்ன செய்ய?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆறவிட்டேன். ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லு. வாண்டு அதைக் கேட்டாளா?

சின்னவள்


ஏப்ரல் 14

அன்பான சின்னவளுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும், அது முதலில்.

உன்னைப் போலப் பேசிக்காட்ட வேண்டும் என்று நினைத்து நான் செய்யவில்லை. "கேக்கறவங்களுக்குச் சில்லுன்னு இருக்கணும் மேடம்" என்றார் டைரக்டர். பல்லைக் கடித்தேன், உறுமினேன், எதுவும் ஒட்டவில்லை. அந்த இடத்தில் நடிகை இன்னும் கத்தவே இல்லை, உதட்டை லேசாகச் சுழிக்கிறாள். அந்த உதட்டைப் பார்த்ததும் உன் உதடு நினைவுக்கு வந்துவிட்டது. சத்தம் தானாக வந்தது. இன்ஜினியர் எழுந்து நின்று கைதட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு வரும் வழியில்தான் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் மாற்றிப் பேசினேன். "அதே குரல்தான் வேணும், அதான் ஹிட்" என்றுவிட்டார்கள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் ரொம்பச் சுலபமாக இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

வாண்டுவுக்குப் பரீட்சை நேரம். இந்த மாதமும் வருவது கஷ்டம். அவளுக்குப் பாதம் வளர்ந்துவிட்டது, புதுச் செருப்பு வாங்கினோம். கணக்கில் நல்ல மதிப்பெண்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

கேட்டது ஒரே ஒரு கேள்வி. செருப்பளவு கேட்கவில்லை.

இதை ஆறவிடவில்லை. எழுதிய சூட்டோடு போடுகிறேன், உன் கையையும் கொஞ்சம் சுடட்டும். பெற்றவள் நான். என் பெண்ணை என்னிடம் காட்டாமல் நாளைக் கடத்துகிறாய். என் குரல் மட்டும் உனக்கு வேண்டும், நான் வேண்டாம். அப்படித்தானே?

நல்லது. ரொம்ப நல்லது.


மே 4

சின்னவளுக்கு மாமா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அக்கா எழுதி எழுதிக் கிழிக்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன்.

ஜலதோஷம் இல்லை. பரீட்சையும் எப்போதோ முடிந்துவிட்டது.

சீரியல் தொடங்கிய அன்று நாங்கள் முன்னறையில் பார்த்துக்கொண்டிருந்தோம். வாண்டு உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டதும், "அம்மா வந்துட்டாளா!" என்று பென்சிலோடு ஓடி வந்தாள். வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. பிறகு டிவியைப் பார்த்தாள். அதில் அந்தப் பொம்பளை தன் மகளை அறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் அதைப் போடுவதில்லை. ஆனால் பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது. அந்த நேரம் வந்தால் சமையலறை வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "அம்மாகிட்ட போனா என்னையும் பூட்டிடுவாளா பெரியப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. இந்த லீவுக்கு உன்னிடம் வர மாட்டேன் என்கிறாள்.

வேலையை விட்டுவிடப் போவதாக உன் அக்கா சொல்கிறாள். எனக்குச் சரி தப்பு சொல்லத் தெரியவில்லை. லிஃப்ட் பாதியில் நின்றால், உள்ளே இருப்பவரிடம் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையில் பழக்கம். அதனால் சொல்லிவிட்டேன்.

மாமா


மே 29

அக்காவுக்கு,

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. உனக்குத் தூக்கம் வருகிறதா? எனக்கு இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது.

மாமாவின் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். 'அம்மா வந்துட்டாளா' வரைக்கும்தான் முதலில் படிக்க முடிந்தது. அன்று என்னென்னவோ தோன்றியது. ஒன்றையும் செய்யவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போய், "என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்குங்க" என்றேன். பார்த்துக்கொண்டார். அவர் சொன்னபடி சின்னக் கட்டிலைக் கழற்றவில்லை. விரிப்பை மட்டும் மடித்து வைத்தேன்.

ஓனரம்மாவிடமும் வியாதியைச் சொல்லிவிட்டேன். "அந்த சீரியல்ல வருதே, அதுவா?" என்றார். "அதோட பேருதான், ஆள் வேற" என்றேன். கொஞ்ச நாள் என் நாற்காலிக்கு ஆளே அனுப்பவில்லை. ஒரு நாள் காலையில் அவரே வந்து உட்கார்ந்து, "நுனி மட்டும் வெட்டு, கத்தரியப் பாத்துப் பிடி" என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. ஆனால் உட்கார்ந்தாரே.

வேலையை விடாதே. நீ விட்டால் வேறொருத்தி அதே சிரிப்பைச் சிரிப்பாள், அவளுக்கு என்னைத் தெரியாது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'நல்லது, ரொம்ப நல்லது' என்று நான் சொல்வது கோபத்தில் இல்லை அக்கா. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். யாரோ என்னை விட்டுப் போகப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பயத்தில் வருகிற சிரிப்பு அது. கத்தல் அதற்குப் பிறகு. எல்லாம் உடைந்து முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு நான் வேறொன்று சொல்வேன். அதை யாரும் கேட்டதில்லை, அதற்குள் எல்லோரும் அறையை விட்டுப் போயிருப்பீர்கள். "போயிடாதீங்க. பயந்துட்டேன். அவ்வளவுதான்."

பாதியை எடுத்துக்கொண்டு போய் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டாய். மீதியையும் எடுத்துக்கொள். முதுகு தெரியும் காட்சி ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

சின்னவள்


ஜூன் 27

என் சின்னவளுக்கு,

சின்னக் கட்டிலுக்கு விரிப்பைத் துவைத்துப் போட்டு வை. அவசரப்படாதே, முழுக்கப் படி.

கடைசி வாரக் காட்சிகள் வந்தன. ஒன்றில் அந்தப் பொம்பளை வீட்டையே போட்டு உடைத்துவிட்டு ஜன்னலோரம் போய், நமக்கு முதுகு காட்டி வெகுநேரம் நிற்கிறாள். வெளியே மழை. வசனம் இல்லை. நான் மைக்கை விட்டு நகரவில்லை. நீ எழுதியதைச் சொன்னேன், நீ சொல்கிற மாதிரியே. நீ அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, ஆனாலும் எப்படிச் சொல்வாய் என்று தெரிந்திருந்தது.

"என்ன மேடம் இது, ஸ்கிரிப்ட்ல இல்லையே? வில்லி பாவம்னு ஆயிடும்" என்றார் டைரக்டர். "ஆகட்டுமே" என்றேன். அவர் அதை நீக்கச் சொன்னார், நான் விடவில்லை. இருபது வருஷத்தில் ஸ்டூடியோவில் நான் சண்டை போட்டது அன்றுதான். கடைசியில் இன்ஜினியர், "மழைச் சத்தத்துக்கு அடியில லேசா வச்சுக்கலாம் சார்" என்றார். பாதி மழையில் போய்விட்டது. காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும்.

ஒளிபரப்பு அன்று வாண்டுவிடம், "இன்னைக்கு மட்டும் டிவி போடட்டுமா? வேண்டாம்னா உடனே நிறுத்திடறேன்" என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டு, சமையலறை வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜன்னல் காட்சி வந்ததும் கை காதிலிருந்து இறங்கியது.

"பெரியம்மா, அது நீங்களா, அம்மாவா?"

"பேசினது நான். சொன்னது உங்கம்மா."

"அம்மாவுக்குப் பயமா? யாருகிட்ட?"

"நீ போயிடுவியோன்னு."

"நானும் டீச்சர் திட்டுனா சிரிச்சுடுவேன் பெரியம்மா. அதுக்கும் சேத்துத் திட்டு விழும்" என்றாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நேற்றும் எதிர் வீட்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறாள். மாடிக்கு வர மாட்டாளாம், பார்லர் மட்டும்தானாம். பெரியப்பா வாசலிலேயே நிற்க வேண்டுமாம். சரி என்றோம்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? மாமாவுக்குக் கால் வலி எப்படி? வாசலில் அவ்வளவு நேரம் நின்றாரே.

நீ டீ வாங்கப் போனபோது நடந்ததை எழுத வேண்டும். வாண்டு நாற்காலியில் ஏறினாள். கண்ணாடியில் என் முகம் தெரிந்ததும் காலால் உந்தி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, அவளுக்கு வாசலில் மாமா தெரிந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா, அந்தச் சிரிப்பு. தொண்டை வரைக்கும் 'நல்லது' வந்தது. விழுங்கிவிட்டு, "அம்மாவுக்குக் கொஞ்சம் பயமா இருக்குடா" என்றேன். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளிடமே சொன்னேன்.

நான் வெட்டினேன். போனமுறை விட்டுப்போன நீளத்தைச் சரி செய்தேன். துண்டை எடுத்து உதறினேன். இறங்கவில்லை, உட்கார்ந்தே இருந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்:

"ஒரு வாரத்துல முடி வளந்துடுமாம்மா?"

ஒரு வாரத்தில் என்ன வளரும், சொல்லு. வெட்ட ஒன்றும் இருக்காது. "வளந்துடும்" என்றேன்.

இந்த வருஷமும் அவள் உன் வீட்டிலிருந்தே படிக்கட்டும். சின்னக் கட்டில் காத்திருக்கட்டும், அதற்கென்ன அவசரம். டாக்டரம்மா கேட்டால் நீ சொல்லிவிடாதே, அடுத்த ஞாயிறுக்குள் உன் கைக்கு வர வேண்டுமே என்று இந்தக் கடிதத்தை நான் ஆறவிடவில்லை. தபால்காரர் பெட்டியைத் திறப்பதற்குள் ஓடிப் போய்ப் போட்டுவிடுகிறேன்.

உன் சின்னவள்